வீட்டுக்கு வீடு போன் இருந்த ஹவுசிங் போர்டு

தொண்ணூறுகளின் கடைசியில், ஏழைகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டால் சோறு தானாக வந்துவிடும் என்று நம்பிய ஒரு கூட்டம் அடையாறில் இருந்தது. அந்தக் கூட்டத்தில்தான் நான் சம்பளம் வாங்கினேன். வேலையின் பெயர் ஆய்வு உதவியாளர். வளரும் நாடுகளில் தகவல் தொழில்நுட்பம் யாரையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது, யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறது என்பது ஆய்வு. அதற்குப் பாதி விடை எங்கள் ஆபீஸ் பங்களாவுக்குள்ளேயே இருந்தது. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. ஏசி ஓடும். கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை போட்டிருப்பார்கள். உறையை எடுத்தால் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கும். பெருக்குகிற அம்மாவுக்கு மட்டும் அந்த அறைக்குள் போக அனுமதி கிடையாது. தூசி வந்துவிடுமாம்.

எங்கள் டைரக்டர் தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தங்கம் வாங்கிப் பழக்கமில்லை, அதனால் தெரியாது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அவருக்குப் பணம் கொடுத்திருந்தது. இரண்டு இடங்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். எந்த இடத்தில் தொலைபேசி வசதி குறைவோ, அந்த இடத்தில் ஒரு பூத் வைத்துக் கொடுப்பார்கள். உள்ளே ஒரு போன், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அந்த இடத்து ஆள் ஒருவரே அதை நடத்தி, வருகிற வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு இடம், மயிலாப்பூர் கால்வாய் ஓரத்து ஹவுசிங் போர்டு. இன்னொன்று, வேளச்சேரியில் புதிதாகப் பிளாட் போட்ட பகுதி. வேளச்சேரி எதற்கு என்று கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க என்றார் டைரக்டர். அவருக்கும் அங்கே ஒரு கிரவுண்டு மனை இருந்தது தற்செயல். தற்செயல்களை ஆய்வு செய்ய எங்களிடம் நிதி இல்லை.

ஹவுசிங் போர்டுக்கு டைரக்டர் முதல்முறை வந்தபோது மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். கீழ்த்தளத்து வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். போலியோவில் ஒரு கால் சூம்பிப்போய், இரும்புச் சட்டம் மாட்டியிருந்தாள். அண்ணன் வீட்டில் இருந்தாள். டைரக்டருக்கு அவளைப் பார்த்ததும் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. என்ன படித்திருக்கிறாய் என்றார். பத்தாவது பாஸ் என்றாள். அவ்வளவுதான். சுற்றி நின்ற ஜனத்தின் முன்னால், "பூத் வந்தா நீதாம்மா நடத்தப் போறே" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

அன்றைக்கே அவளுக்குப் பூத்துக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. கிண்டலாக ஆரம்பித்தார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அதுவரை 'குந்திக்கினு துன்றவ' என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்த அண்ணி, காலையில் முதல் டம்ளர் டீயை அவளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் போகும்போதெல்லாம் பூத்துக்காரி என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்து அதைப் பற்றியே பேசுவாள்.

"எப்பக்கா வரும்?"

"சர்வே முடியணும். முடிஞ்சதும் முடிவு பண்ணுவாங்க."

"ஒரு சேரு, ஒரு போனு. வேற இன்னா வோணும் எனக்கு? நான் எழுந்து போயி யார்கிட்டயும் கேக்க வோணாம். அவங்கோ எங்கிட்ட வந்து கேப்பாங்கோ. அண்ணிக்கு நான் மாசாமாசம் சாப்பாட்டுக் காசு குடுத்துருவேன். அப்பால அது வாயத் தொறக்கட்டும் பாக்கலாம்."

லஸ் முனையில் ஒரு எஸ்டிடி பூத் இருந்தது. அங்கே அண்ணனை ஆட்டோவில் கூட்டிப்போகச் சொல்லி, ஒரு சாயங்காலம் முழுக்க ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு என்னிடமே, "ஹலோ, லைன்ல இருங்கோ, கூப்புடறேன்" என்று இங்கிலீஷ்காரி மாதிரி மூக்கால் பேசிக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

சர்வே தொடங்கியது. கேள்வித்தாள் வெளிநாட்டிலிருந்து வந்தது. தமிழாக்கியது நான். 'உங்கள் இல்லத்தில் தொலைபேசி உண்டா?' என்று ஒரு கேள்வி. பதிலுக்கு இரண்டு கட்டம், உண்டு, இல்லை. அடுத்த கட்டத்தில் எண்ணை எழுத வேண்டும். முதலில் நான் உட்கார்ந்தது ஒரு ஆட்டோக்காரரின் வீட்டில். அவர் மனைவி பதில் சொன்னாள்.

"வீட்ல போன் இருக்காம்மா?"

"கீதே!"

ஒரே அறை. கட்டில், ஸ்டவ், டிவி, கொடியில் துணி. சுற்றுமுற்றும் பார்த்தேன். "எங்கம்மா?"

"மாமி வூட்ல" என்று சொல்லிவிட்டு, எண்ணை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். எனக்குப் பேனா அப்படியே நின்றுவிட்டது. அது என் வீட்டுக்கார மாமியின் எண். மயிலாப்பூரில் நான் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன், கீழே மாமி. என் எண்ணும் அதுதான். அந்தக் காலத்தில் போன் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வோம். அழைப்பு வந்தால் அந்த வீட்டுக்காரர் ஆளைக் கூப்பிட்டு விடுவார். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அச்சடிப்பார்கள். இந்த வேலைக்கு நான் போட்ட விண்ணப்பத்திலும் பி.பி.தான்.

அடுத்த வீட்டிலும் "கீது" என்றார்கள். அதே எண். மாடியிலும் அதே எண். எப்படி என்று விசாரித்தால், பூத்துக்காரியின் அண்ணி மாமி வீட்டில்தான் பாத்திரம் தேய்க்கிறாள். மாமியின் போன் நம்பரைப் பிரசாதம் மாதிரி ஹவுசிங் போர்டு முழுக்க விநியோகம் செய்திருக்கிறாள். சிலர் மட்டும் அதே தெருவில் வேறு வீடுகளின் எண்ணைச் சொன்னார்கள். அவர்கள் அந்த வீடுகளில் வேலை பார்க்கிறவர்கள்.

சாயங்காலம் மாமியிடம் கேட்டேன். பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, அந்தக் கொடுமையை ஏன் கேக்கறே! நேத்திக்கு ஒருத்தன், மூணாவது மாடியில இருக்கறவாளைக் கூப்பிடுங்கோங்கறான். நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா நடத்திண்டிருக்கேன்? அமெரிக்காவிலேர்ந்து எம்புள்ளை பண்ணினா எங்காத்து லைன் எனக்கே கிடைக்கறதில்லை" என்று பொரிந்துவிட்டு, அதே மூச்சில் குரலைத் தாழ்த்தி, "அந்த ஆட்டோக்காரன் தங்கைக்குப் பிள்ளை பொறந்திருக்காண்டி. சிசேரியனாம், பாவம். நான்தான் சொல்லி அனுப்பிச்சேன்" என்றாள். மாமிக்கு அலுப்பும் உண்டு, அந்த அலுப்பில் ஒரு ருசியும் உண்டு. ஆனால் மத்தியானம் தூங்கப் போகும்போது ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஹவுசிங் போர்டில் ஒருத்தருக்கு நெஞ்சுவலி வந்தாலும் சொந்தக்காரர்களுக்குத் தகவல் போகாது, அவர்களிடமிருந்து இங்கேயும் வராது.

அதனால் நான் 'இல்லை' கட்டத்தில்தான் டிக் அடித்தேன். பக்கத்தில் எண்ணை எழுதி பி.பி. என்று போட்டேன். மற்ற ஆய்வு உதவியாளர்களையும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டு, டைரக்டரிடம் போய் மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னம்மா நீ, இதே கேள்வித்தாள்தான் எல்லா நாட்டுலயும் போறது. நம்ம ஒரு கட்டம் சேர்த்தா ஒப்பிட முடியாம போயிடும்."

"சார், போன் இல்லாதவங்க போன் இருக்குன்னு சொல்றாங்க."

"மக்கள் சொல்றதை நாம நம்பணும். அதுதான் பங்கேற்பு ஆய்வு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த மனிதரின் விசிட்டிங் கார்டில் இ-மெயில் முகவரிதான் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. வருகிற மெயிலை டைப்பிஸ்ட் அச்செடுத்து ஃபைலில் வைத்து மேஜைக்குக் கொண்டுவருவாள். அவர் ஓரத்தில் மைப் பேனாவால் பதில் எழுதுவார். அவள் திரும்பிப் போய் அதை அடித்து அனுப்புவாள். அவள் லீவு போட்டால் இவருக்கு உலகமே இல்லை.

"சார், உங்க இ-மெயில் கூட பி.பி.தான் சார்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் கெட்டிக்காரர். சிரித்துவிட்டு, "நல்ல ஜோக்" என்றார். கட்டம் சேர்க்கவில்லை.

வேளச்சேரிக்கும் நான்தான் போனேன். அங்கே ரிடையரான அதிகாரிகள் பெரிது பெரிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தார்கள். ஏசி இருந்தது, கார் இருந்தது, வாஷிங் மெஷின் இருந்தது. போன் மட்டும் இல்லை. விண்ணப்பித்துவிட்டு வரிசையில் காத்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர், ரிடையர்டு இன்ஜினியர், என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, 'இல்லை' கட்டத்தில் அவரே அழுத்தி டிக் அடித்தார். "இதை மினிஸ்ட்ரி வரைக்கும் கொண்டு போங்கோ" என்றார். பக்கத்து வீட்டு எண் ஏதாவது கொடுப்பீர்களா என்று கேட்டேன். "அடுத்தவா வீட்டு வாசல்ல போய் நிக்கற பழக்கம் எங்களுக்குக் கிடையாது" என்றார்.

தாள்கள் எல்லாம் அடையாறுக்குப் போயின. அங்கே 'டேட்டா கிளீனிங்' என்று ஒன்று நடந்தது. அதாவது கிடைத்த விவரங்களைச் சுத்தம் செய்வது. ஒருவர் போன் 'இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்தில் எண்ணும் கொடுத்திருந்தால், அது முரண்பாடு, இல்லையா? எண் இருக்கிறது என்றால் போன் இருக்கத்தானே வேண்டும்? ஆகவே, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன ஆபரேட்டர், நான் போட்ட 'இல்லை' எல்லாவற்றையும் 'உண்டு' என்று மாற்றிச் சுத்தம் செய்துவிட்டார். பி.பி. என்ற எழுத்துக்களைப் போட அந்தப் புரோகிராமில் இடம் இல்லையாம்.

தேனாம்பேட்டையில் ஒரு பெரிய ஓட்டலில் கருத்தரங்கு. திரையில் டைரக்டர் படம் காட்டினார். மயிலாப்பூர் ஹவுசிங் போர்டில் ஏறக்குறைய வீட்டுக்கு வீடு தொலைபேசி! வேளச்சேரியிலோ ஒரே இருட்டு! 'நகர்ப்புற ஏழைகளின் மௌனப் புரட்சி' என்று ஒரு தலைப்பு வேறு. கைத்தட்டல் என்றால் அப்படி ஒரு கைத்தட்டல். நான் எழுந்து, அவ்வளவும் ஒரே மாமியின் போன் என்று சொல்ல ஆரம்பித்தேன். நேரமாகிவிட்டது, சாப்பாட்டுக்குப் பிறகு விவாதிக்கலாம் என்றார் தலைமை வகித்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் இல்லை, ஐஸ்கிரீம் கிண்ணங்கள்தான் இருந்தன.

பூத் வேளச்சேரிக்குப் போனது. ஹவுசிங் போர்டுக்குப் போய், இங்கே வீட்டுக்கு வீடு போன் இருப்பதாக முடிவு செய்துவிட்டார்கள், அதனால் பூத் வராது என்று நான்தான் சொன்னேன். பூத்துக்காரி கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே போட்டாள்.

"எங்க வூட்லல்லாம் போன் கீதுன்னு யாருக்கா சொன்னது?"

நான் வாயைத் திறக்குமுன் அண்ணியே வந்தாள். "நாங்கதான் சொன்னோம். பின்ன இன்னா? ஒரு போன் நம்பர் கூட இல்லாத வூடுன்னா மதிப்பாங்களா? மாமி நம்பர் கீது, அதச் சொன்னோம். அது தப்பா?"

தப்பில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். சுத்தம் செய்தது யார் என்று நான் விளக்கினேன். அண்ணிக்குப் புரிந்ததோ என்னவோ, மறுநாளிலிருந்து டீ டம்ளர் பழையபடி கடைசியில் வந்தது என்று பூத்துக்காரி பிறகு சொன்னாள்.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பணம் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் பார்வையிட வந்தாள். வேளச்சேரி பூத் சங்கச் செயலாளரின் கார் ஷெட்டில் இருந்தது, நடத்தியதும் அவரே. தங்க பிரேம் கண்ணாடி, பட்டுக்கரை வேட்டி, கையில் ரேடோ கடிகாரம். அவரை எந்தப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாலும் ஏழையாகத் தெரியவில்லை. டைரக்டர் கையைப் பிசைந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "அந்த மயிலாப்பூர்ப் பொண்ணைக் கார்ல அழைச்சிண்டு வந்துடு" என்றார்.

"எதுக்கு சார்?"

"ஒரு போட்டோவுக்கும்மா. ரிப்போர்ட் அட்டையில போடணும். சும்மா ஒரு அடையாளத்துக்கு."

முடியாது என்றேன். டிரைவரை அனுப்பிவிட்டார். தனியாக அவளை அந்தக் கூட்டத்தில் விட மனசு கேட்காமல் நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் சொன்னேன், இது போட்டோவுக்கு மட்டும்தான், ஏமாந்து போகாதே என்று. அவள் நல்ல புடவை கட்டி, தலை நிறைய அவளே கட்டிய பூவை வைத்துக்கொண்டு, ஏசி காற்றில் ஜன்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்ளோ பெரிய காரு அனுப்பி இட்டுக்கினு போறாங்கோ. சும்மாவாக்கா இட்டுக்கினு போவாங்கோ? நீ சொம்மா பயப்படற."

நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ரிசீவரைக் காதில் வைக்கச் சொன்னார்கள். இரும்புச் சட்டம் தெரிய வேண்டும் என்று போட்டோகிராபர் புடவையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னபோது மட்டும் அவள் முகம் சுருங்கியது. பிறகு சிரித்தாள். என்னிடம் பேசிக் காட்டுவாளே, அதே மாதிரி, "ஹலோ, லைன்ல இருங்கோ" என்றாள். வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படம் எடுத்து முடிந்ததும் செயலாளர் வந்து, "கொஞ்சம் எழுந்துக்கறியாம்மா, எனக்கு ஒரு ட்ரங்க் கால் வரும்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கை கொடுத்து எழுப்பினேன். திரும்பி வர கார் கிடைக்கவில்லை, அது வெள்ளைக்கார அம்மாளுக்கு வேண்டியிருந்தது. ஆட்டோவில் வந்தோம்.

டைரக்டரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே விசாரித்தேன். தி.நகரில் ஒரு அறக்கட்டளை இருந்தது. ஊனமுற்றவர்களுக்கு லைன் வாங்கி, பெட்டிபோல ஒரு பூத்தும் செய்து கொடுப்பார்கள். விண்ணப்பம், சான்றிதழ் எல்லாம் சேர்த்து நேரில் அழைத்துக்கொண்டு போனேன். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒரு மாடியில் ஆபீஸ். அவள் படியேற வெகுநேரம் ஆனது. அங்கிருந்த பெரியவர் நல்லவர்தான். மோர் கொடுக்கச் சொன்னார். சான்றிதழைப் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். எழுந்து அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து மேஜையில் போட்டார். எங்கள் ரிப்போர்ட். ஊரிலுள்ள எல்லா அறக்கட்டளைக்கும் டைரக்டர் இலவசமாக அனுப்பியிருந்தார். அட்டையில் அவள், தலை நிறையப் பூவும் காதில் ரிசீவருமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'தன் சொந்தத் தொலைபேசி நிலையத்தை நடத்தும் மாற்றத்தின் முகம்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"உனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கேம்மா" என்றார் பெரியவர், கோபமில்லாமல். "இல்லாதவங்க எத்தனையோ பேர் காத்திருக்காங்க. நீயே ரெண்டு வெச்சுக்கிட்டா நியாயமா?"

நான் குதித்தேன். அது வெறும் போட்டோ என்றேன். வேளச்சேரி, செயலாளர், கார் ஷெட் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படின்னா படம் பொய்னு உங்க ஆபீஸ்லேர்ந்து லெட்டர்ஹெட்ல எழுதி, சீல் போட்டு வாங்கிட்டு வாங்க. உடனே தரேன்" என்றார்.

அன்றைக்கே அடையாறுக்கு ஓடினேன். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொய்னு நானே எப்படிம்மா எழுதித் தர முடியும்? ரிப்போர்ட் வெளிநாட்டுக்குப் போயாச்சு. அடுத்த கட்ட நிதி வேற வரணும்."

"சார், அந்தப் பொண்ணோட பொழைப்பு சார்."

"எனக்குப் புரியறது. ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா நீ ஒண்ணை யோசி. அட்டையில அவ படம் வந்திருக்கு. எத்தனை நாட்டுல அவளைப் பார்க்கறா தெரியுமா? இது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

மேஜையிலிருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து வீசாமல் வெளியே வந்தது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாயால் வீசினேன், நிறையவே வீசினேன். அதனால் என் ஒப்பந்தம் அடுத்த வருஷத்துக்குப் புதுப்பிக்கப்படவில்லை. நானே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு தி.நகருக்குக் கொண்டுபோனேன். சீல் இல்லாத காகிதத்தை அந்தப் பெரியவர் வாங்கவில்லை.

ஹவுசிங் போர்டுக்குப் போனேன். அவள் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்துகொண்டிருந்தது, யாரைப் பற்றி என்று சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எங்கள் ஆபீசை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவள் திட்டவில்லை. என் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த ரிப்போர்ட்டை எடுத்து மடியில் வைத்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அட்டைப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் பொம்பளை நல்லா சம்பாரிக்கிறா போல கீதுக்கா" என்றாள். "இவளாண்ட சொல்லி எனக்கு ஒரு வேலை வாங்கிக் குடேன்."